புரட்டாசிக்குக் காத்திருக்கும் குழிகள்

எங்கள் பூங்காவின் பரப்பு எட்டு கிரவுண்டு. சென்னையில் மனை தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கிவிடும். மற்றவர்களுக்காகச் சொன்னால், ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, எட்டு கிரவுண்டு ஏறத்தாழ 1,780 சதுர மீட்டர். மடிப்பாக்கத்தில் இரண்டு தெருக்கள் கூடும் மூலையில், மூன்று பக்கம் சுற்றுச்சுவரும் ஒரு பக்கம் கம்பிவேலியுமாக இருக்கும் இந்த இடத்தைத் தனியாக யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகளுக்கு விட்டது போக எஞ்சிய பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். (Open Space Reservation) நிலம் என்று வரைபடங்களில் குறிக்கப்படுவது இதுதான். அந்தப் பத்து விழுக்காட்டின் விலையும் எங்கள் மனைகளின் விலைக்குள் அடங்கியிருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆகவே இந்தப் பூங்கா எங்களுக்கு யாரோ அளித்த சலுகை அன்று. இந்தத் தெருக்களில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும், வாடகைக்கு இருப்பவர் உட்பட, அதில் உரிமையும் பொறுப்பும் உண்டு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது இங்கே நின்ற பெரிய மரங்களில் பாதி விழுந்தன. விழுந்தவை பெரும்பாலும் வேகமாக வளர்ந்து அகலமாகக் கிளை விரிக்கும் பெருங்கொன்றையும் மயிற்கொன்றையும். நகரம் முழுவதும் அந்த நாளில் அதிகம் சாய்ந்தவை இவ்வகை மரங்களே. மூலையில் நின்ற புங்கனும் அதன் அருகில் இருந்த இரண்டு வேம்புகளும் கிளைகளை மட்டும் இழந்து பிழைத்துக்கொண்டன. வெட்டி அப்புறப்படுத்திய பிறகு திடீரென்று வெயில் விழத் தொடங்கிய அந்த வெற்றிடத்தைப் பார்த்து நின்ற நாங்கள் ஆறு பேர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தோம். அன்று தொடங்கியது இன்றுவரை தொடர்கிறது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை வேலை. சில வாரங்களில் பதினைந்து பேர் வருவார்கள். தேர்வுக் காலத்திலும் முகூர்த்த நாள்களிலும் நான்கு பேர் வந்தால் பெரிது.

தொடங்கிய வேகத்தில் நாங்கள் மிகப் பெரிய தவறொன்றுக்கு உடன்பட்டோம். ஒரு ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளை முன்னிட்டு, ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள் நூறு மரக்கன்றுகளோடு வந்தார்கள். நல்லெண்ணத்தோடு வந்த இளைஞர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதாகை கட்டப்பட்டது, தொப்பிகள் வழங்கப்பட்டன, இரண்டு மணி நேரத்தில் நூறு கன்றுகளும் மண்ணுக்குள் போயின, படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். எட்டு கிரவுண்டில், நடைபாதையும் விளையாட்டுத் திடலும் போக எஞ்சிய இடத்தில், நூறு மரங்கள் எப்படி வளரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்றரை அடி உயரக் கன்றுகள் இரண்டடி இடைவெளியில் வரிசையாக நின்றதைப் பார்க்க அழகாகவே இருந்தது.

ஆகஸ்டு முடிவதற்குள் எண்பதுக்கு மேல் காய்ந்துவிட்டன. நாங்கள் தண்ணீர் ஊற்றாமல் விடவில்லை. வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறைவைத்து ஊற்றினோம். ஏன் காய்கின்றன என்று தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ந்த கன்று ஒன்றை அடியில் பிடித்து இழுத்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. நாற்றங்காலில் இருந்து வந்த அந்தப் பையைக் கிழிக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். பையைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே வேர்கள் வெளியேற வழி தேடிப் பையின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வளர்ந்து, நூல்கண்டு போல் இறுகிக் கிடந்தன. பைக்கு வெளியே எங்கள் குடங்களின் ஈரம் இன்னும் இருந்தது. உள்ளே மண்கட்டி காய்ந்து உதிர்ந்தது. அடுத்த கன்றைப் பிடுங்கினோம், அதுவும் அப்படியே. அன்று காலை மட்டும் முப்பத்தேழு பைகளை வெளியே எடுத்தோம். பக்கத்தில் நின்ற என் மகள், அப்போது அவளுக்கு எட்டு வயது, ‘இதுங்களுக்கு மூச்சு முட்டியிருக்கும்ல அம்மா?’ என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது.

பை ஒரு காரணம் என்றால், நாள் இன்னொரு காரணம். ஜூன் மாதத் தொடக்கம் கேரளத்துக்கு மழைக்காலம். சென்னைக்கு அது அக்கினி நட்சத்திரத்தின் சூடு இன்னும் ஆறாத காலம். நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆடி, ஆவணியில் மாலை நேர இடிமழை மண்ணைக் கொஞ்சம் இளக்கும். புரட்டாசியில் நட்ட கன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் பிடித்து, பங்குனி வெயில் வருமுன் தன் காலில் நிற்கத் தொடங்கும். விதை போடுவதற்கும் நாற்று நடுவதற்கும் பட்டம் பார்த்த ஊர் இது. மரம் நடுவதற்கு மட்டும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு தேதியை நாம் ஏன் ஏற்றுக்கொண்டோம் என்று எனக்கு விளங்கவில்லை. ஜூன் 5 அன்று யாரேனும் கன்றோடு வந்தால், இப்போதெல்லாம் நாங்கள் நன்றி சொல்லி, அவற்றை நிழலில் அடுக்கி வைத்து, பெரிய பைகளுக்கு மாற்றி, புரட்டாசி வரை வளர்க்கிறோம். நான்கு மாதம் வளர்ந்து தண்டு பருத்த கன்றுக்கும் ஒன்றரை அடிக் கன்றுக்கும் பிழைக்கும் வாய்ப்பில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

இவற்றையெல்லாம் நாங்களாகவே கண்டுபிடித்துவிடவில்லை. கோட்டூர்புரத்தில், அடையாற்றின் கரையில், பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு மரப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த அந்த நிலத்தில் ‘நிழல்’ என்னும் மரப் பாதுகாப்பு அமைப்பினர் 2006-இல் நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். தன்னார்வலர்களின் உழைப்பால் அது வளர்ந்தது. எங்கள் கன்றுகள் காய்ந்த ஆண்டில் நான் அங்கே போனேன். நான் எதிர்பார்த்தது அழகான ஒரு பூங்கா. பார்த்தது, தரை முழுவதும் சருகு மூடிய, செருப்புக்கடியில் மெத்தென்று அமுங்கும் ஒரு சிறு காடு. மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி வைப்பதுதான் பராமரிப்பு என்று நினைத்திருந்த எனக்கு, பெருக்காமல் விட்டதே பராமரிப்பாக இருக்க முடியும் என்பது அந்தத் தரையில் நடந்தபோது தெளிந்தது.

ஆனால் அதை எங்கள் பூங்காவுக்குக் கொண்டுவருவது எளிதாக இல்லை. சருகு என்றால் குப்பை, குப்பை என்றால் அகற்ற வேண்டும் என்பது நம் எல்லோர் மனத்திலும் ஊறியிருக்கிறது. எங்கள் பூங்காவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அக்கா, ஐம்பதை நெருங்குபவர், தினமும் சருகைக் கூட்டிக் குவித்து மூலையில் கொளுத்திவந்தார். புகை எதிர் வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் பெரியவரின் அறைக்குள் போகும். ‘கொளுத்தாதீங்க அக்கா’ என்று நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ‘டீச்சர், இலை கிடந்தா எனக்குத்தான் பேச்சு விழும். ஏழு மணிக்குள்ள கூட்டிக் காட்டணும். மூட்டை கட்டுனா வண்டியில ஏத்த மாட்டேங்கிறாங்க. நான் எங்க கொண்டு போறது?’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொளுத்துவது அவருடைய பிழை என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், வேறு வழி எதுவும் வைக்காமல் அந்தச் சருகை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவர் தலையில் சுமத்தியிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் மட்கு உரக் கூண்டுகள் வந்தன. கம்பி வலையை வளைத்து, நான்கடி அகலமும் நான்கடி உயரமுமாக மூன்று கூண்டுகள். ஒவ்வொன்றாகச் சருகால் நிரப்புவது, நனைப்பது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிரித்துக் கிளறுவது என்பது திட்டம். முதல் கூண்டு மூன்று மாதம் ஆகியும் அப்படியே இருந்தது. காய்ந்த சருகு மட்டும் தனியாக மட்க மிகவும் தாமதமாகும். அதில் கரிமம் மிகுதி, நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான தழைச்சத்து குறைவு. வெட்டிய புல், சாணம், காய்கறிக் கழிவு என்று ஏதேனும் பச்சையாகச் சேர்ந்தால்தான் அது சூடேறும். நான் இதைப் படித்துக்கொண்டு வந்து அக்காவிடம் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, ‘எங்க ஊருல குப்பைக்குழிக்குச் சாணித் தண்ணி தெளிச்சுத்தானே மூடுவோம்’ என்றார். செய்யூர்ப் பக்கம் பிறந்தவர். பத்து வயது முதல் வயல் வேலை பார்த்தவர். பூங்காவில் தினமும் வேலை செய்யும் அவரிடம் அதுவரை நாங்கள் ஒருவருமே எதையும் கேட்டதில்லை. வாதுமை இலை தடிப்பானது, முழுதாகப் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும், ஆகவே நொறுக்கித்தான் போட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

சாணம் கரைத்த நீரும் புளித்த மோரும் தெளித்து, நடைபாதை ஓரத்தில் வெட்டிய புல்லை இடையிடையே அடுக்கிய இரண்டாம் கூண்டை மார்கழி மாதக் காலை ஒன்றில் பிரித்தோம். மண்வெட்டியால் மேல் அடுக்கை விலக்கியதும் உள்ளிருந்து வெண்மையாக ஆவி எழுந்தது. கையை உள்ளே விட்ட சிறுவன் ஒருவன் உடனே வெளியே இழுத்துக்கொண்டான். வெந்நீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது என்றான். மழைக்குப் பிந்தைய மண்வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கலந்த ஒரு மணம் வந்தது. அழுகல் நாற்றம் துளியும் இல்லை. நான்கடி உயரம் நிரப்பியது ஓரடிக்குச் சற்று மேலான உயரத்துக்கு இறங்கியிருந்தது. சலித்து எடுத்த உரத்தை இப்போது தெருவாசிகளுக்கு இலவசமாகத் தருகிறோம். அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் விழும் சருகை மூட்டையாகக் கொண்டுவந்து தருகிறார்கள். கொளுத்துவது நின்று ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. மரத்தடிகளில் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சருகை மண்ணின் ஈரம் காக்கும் மூடாக்காக விட்டிருக்கிறோம். அது மேற்பார்வைக்கு வருபவர்களின் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியக்கூடாது என்பதற்காக, ‘இது மூடாக்கு, குப்பை அன்று’ என்று சிறிய பலகைகள் எழுதி நட்டோம். அக்காவுக்கு அதன் பிறகு யாரும் பேச்சு வாங்கித் தரவில்லை.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மடிப்பாக்கத்தின் கதையே தண்ணீரின் கதைதான். 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது எங்கள் தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றை மட்டும் தள்ளின. அதே தெருக்களில்தான் பருவமழையில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அந்தக் கணக்கில், எங்கள் எட்டு கிரவுண்டில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 17,800 லிட்டர். அது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவைக் காட்டிலும் அதிகம். அவ்வளவும் பூங்காவின் வாயில் வழியே தெருவுக்கு ஓடி, அங்கே தேங்கி, கொசுவை வளர்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வீடுகளுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. பூங்கா மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை.

பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். மழை பெய்யும்போது குடையோடு பூங்காவுக்குள் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று சுண்ணாம்பாலும் குச்சிகளாலும் குறித்து வைப்பதுதான் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். இரண்டு மழைக்காலம் அப்படிக் குறித்தோம். எங்கள் இடத்தில் மேலே ஐந்தடி வரை களிமண். அதற்குக் கீழேதான் மணல் கலந்த மண். மேலே எத்தனை பள்ளம் தோண்டினாலும் களிமண் தண்ணீரை இறங்க விடாது. ஆகவே அனுமதி பெற்று, தெருக்காரர்களிடம் பணம் திரட்டி, மிகவும் தாழ்ந்த இடத்தில் மூன்றடி விட்டமும் பதினைந்தடி ஆழமும் கொண்ட உறைகிணறு ஒன்றை இறக்கினோம். தண்ணீர் நேராக அதில் விழாமல், ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு சிறு தொட்டியைக் கடந்து போகும்படி வைத்திருக்கிறோம். இந்தத் தொட்டியை ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன் வாரி எடுத்துக் கழுவாவிட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும். கிணறு இருந்தும் பயனில்லாமல் போகும். நகரத்தில் எத்தனையோ மழைநீர்க் கட்டமைப்புகள் இப்படி அடைபட்டுக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கட்டுவதற்குக் கிடைக்கும் ஆளும் பணமும் வாருவதற்குக் கிடைப்பதில்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள்களில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உறைகிணறு இருந்ததால் வெள்ளம் வரவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. நிலத்தடி நீரே தரை மட்டத்துக்கு ஏறிவிட்ட பிறகு எந்தக் கிணறும் தண்ணீரை வாங்காது. பூங்கா நான்கு நாள் தண்ணீருக்குள் நின்றது. கிணற்றின் பயன் அடுத்த சித்திரையில்தான் தெரிந்தது: பக்கத்து வீடுகளின் திறந்த கிணறுகளில் கயிறு விட்டு அளந்தபோது, முந்தைய கோடைகளில் வறண்டிருந்தவற்றிலும் தண்ணீர் தொட்டது. அந்த ஆண்டு பெய்த பெருமழைக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் முழுப் பெருமையையும் கிணற்றுக்கு நான் தரமாட்டேன்.

மிக்ஜாம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இன்னொன்று, எந்த மரத்தை நடுவது என்பது. தண்ணீர் வடிந்த மறு மாதம் வேப்பங்கன்றுகள் ஆறும் இலை பழுத்து உதிர்ந்து இறந்தன. வேம்புக்கு வறட்சி பெரிதன்று, வேர் நீரில் ஊறுவதுதான் ஆகாது. பக்கத்திலேயே நின்ற நீர்மருதும் நாவலும் புங்கனும் ஒன்றும் நடக்காததுபோல் தழைத்தன. ஆற்றங்கரையிலும் நீரோடைகளிலும் வளர்ந்து பழகிய மரங்கள் அவை. மண் இளகியதில் சாய்ந்துவிட்ட பூவரசு ஒன்றை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் அதன் கிளைகளில் கைப்பருமனுள்ளவற்றை ஐந்தடி நீளத்துக்கு வெட்டி, போத்தாக ஈரமண்ணில் ஊன்றினோம். எட்டு ஊன்றியதில் ஐந்து துளிர்த்துவிட்டன. அவற்றில் ஒன்று இப்போது ஊஞ்சலுக்கு நிழல் தருகிறது. பணம் கொடுத்து வாங்கிய எந்தக் கன்றும் எங்களுக்கு இவ்வளவு விரைவாக நிழல் தந்ததில்லை.

மூலையில் நிற்கும் பெரிய புங்கனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நடைபாதை போடும்போது இன்டர்லாக் கற்களை அதன் அடித்தண்டை ஒட்டியே பதித்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் வேர் கற்களைத் தூக்கத் தொடங்கியது. நடப்பவர்களுக்குக் கால் இடறுகிறது, ஆகவே மரத்தை வெட்டிவிடலாம் என்றுகூட ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி ஆணையிட்டிருந்ததை எடுத்துக்காட்டி, கற்களை எடுத்தால் கால் இடறாது, மரமும் பிழைக்கும் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். கடப்பாரையால் கற்களைப் பெயர்த்து, கீழே இறுகிக் கிடந்த கிரஷர் தூளைக் கையாலேயே வாரி எடுத்து, மட்கு உரம் போட்டோம். நடைபாதையை அந்த இடத்தில் நான்கடி விலக்கி வளைத்தோம். மாசியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, பங்குனியில் எண்ணெய் தடவியதுபோல் மின்னும் இளம்பச்சைத் தளிரோடு அது நிற்கும். பிறகு பூ உதிரத் தொடங்கினால், சங்கப் புலவர்கள் பொரியோடு ஒப்பிட்டது ஏன் என்பது விடியற்காலையில் தரையைப் பார்க்கும் எவருக்கும் தெரியும். அந்த ஒரு வாரம் அக்கா மரத்தடியைப் பெருக்க மாட்டார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே எடுத்த முடிவு.

கொசு ஒழிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கவிழ்த்தாலே சுழற்சி உடைந்துவிடும். ஊஞ்சல் டயர், பூந்தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு ஆகியவற்றைச் சுற்றிப் பார்ப்பது சிறுவர்களின் பொறுப்பு.

அந்தச் சிறுவர்களோடு தொடக்கத்தில் எங்களுக்குப் பகை இருந்தது. அவர்களின் கிரிக்கெட் பந்து கன்றுகளை ஒடித்தது. நாங்கள் விளையாடத் தடை விதிக்கச் சொன்னோம். அவர்கள் வேண்டுமென்றே வேலியைப் பிரித்தார்கள். இப்போது நினைத்தால், தவறு எங்களுடையது. எட்டு கிரவுண்டில் நடுவில் இருந்த திறந்தவெளி முழுவதையும் செடிகளால் நிரப்பிவிட வேண்டும் என்று நாங்கள் பேராசைப்பட்டோம். பூங்கா என்பது மரங்களுக்கு மட்டும் உரியதன்று. ஓட இடமில்லாத பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் தரை. நடுவிடத்தை மரமில்லாத திடலாக அவர்களுக்கே விட்டுவிடுவது, மரங்களை ஓரங்களில் மட்டும் நடுவது என்று பேசி முடிவெடுத்தோம். அதற்கு அவர்கள் தாங்களாகவே ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: பந்து பட்டு ஒரு கன்று ஒடிந்தால், அடித்தவன் அடுத்த கன்று வளரும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். கிழக்குச் சுவர் ஓரம் நிற்கும் மகிழமரத்துக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றிய தம்பி இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறான்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் ஏற்கெனவே உப்பு அதிகம். கழிவுநீரில் அது இன்னும் செறிவாக இருக்கும். ஓராண்டு ஊற்றிப் பார்த்ததில் களிமண்ணின் மேல் வெள்ளைப் படலம் பூத்தது, கன்றுகளின் இலை நுனி கருகியது, நிறுத்திவிட்டோம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் அப்படியன்று. அதில் உப்பு இல்லை. கோடையில் ஆறு வீட்டார் அதை வாளியில் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, அதில் இந்த நீரை ஊற்றி மூடிவிடுகிறோம். மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

எங்களைப் பார்த்து வேறு பகுதிகளிலிருந்து வரும் நண்பர்கள், ‘நீங்களே எல்லாவற்றையும் செய்துவிட்டால் பிறகு பணியாளர் எதற்கு, மாநகராட்சி எதற்கு?’ என்று கேட்பதுண்டு. இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஊதியத்துக்கு ஒருவர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக நாங்கள் செய்து, அதனால் அந்த வேலையிடமே இல்லாமல் போனால், அது தொண்டாகாது. ஒருவரின் பிழைப்பைப் பறிப்பதாகும். ஆகவே பெருக்குவது, கழிப்பறை கழுவுவது, பெரிய கிளைகளைக் கவாத்து செய்வது ஆகியவற்றில் நாங்கள் கை வைப்பதில்லை. அவற்றுக்கு ஆள் போதவில்லை என்றால் ஆள் கேட்டு எழுதுகிறோம். அக்கா ஒருவர் மட்டும் மூன்று பூங்காக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, இன்னொருவரை நியமிக்கக் கோரி எண்பது வீடுகளில் கையெழுத்து வாங்கினோம். பதினோரு மாதம் கழித்து ஒருவர் வந்தார். எங்கள் வேலை என்பது தினமும் பார்ப்பது: எந்தக் கன்று வாடுகிறது, எந்தக் கம்பிக்கூண்டு பருத்த தண்டை நெரிக்கிறது, எந்த மரத்தில் புதிதாக விளம்பர ஆணி அடித்திருக்கிறார்கள், சறுக்கு மரத்தில் எந்த விளிம்பு துருப்பிடித்துக் கூராகியிருக்கிறது என்பதைப் பார்ப்பது, குறித்து வைப்பது, உரியவரிடம் மீண்டும் மீண்டும் சொல்வது. அங்கேயே வசிப்பவர்களால் மட்டுமே இதைச் செய்ய முடியும். எந்த ஒப்பந்தத்திலும் இதை எழுதிக் கேட்க முடியாது.

இது ஆவணி மாதம். நேற்று மாலை பெய்த மழையில் மண் கடப்பாரைக்கு வழிவிடும் அளவுக்கு இளகியிருக்கிறது. இந்த ஆண்டுக்குப் பதினொரு கன்றுகள் என்று முடிவு செய்திருக்கிறோம்: நான்கு நீர்மருது, மூன்று மகிழம், இரண்டு நாவல், இரண்டு சரக்கொன்றை. குழிகளை இப்போதே இரண்டடிக்கு இரண்டடி தோண்டி வெயிலிலும் மழையிலும் ஆற விட்டிருக்கிறோம். நடும் நாளில் மட்கு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்த மண்ணைப் போட்டு நிரப்புவோம். கன்றைக் கம்போடு கட்டத் தேங்காய் நார்க் கயிற்றை அக்கா ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும் என்பதால் ‘8’ வடிவத்தில் தளர்வாகக் கட்டுவது அவர் பொறுப்பு. நிழலில் அடுக்கியிருக்கும் கன்றுகளில் இரண்டுக்கு வேர் பையைத் துளைத்து வெளியே வந்துவிட்டது.

நட்டு முடித்ததும் யாரும் உடனே கலைந்து போகக் கூடாது என்பது எங்கள் குழுவின் வழக்கம். வெட்டி எடுத்த கறுப்புப் பைகள் ஒவ்வொன்றையும் என் மகள் கையில் வாங்கிக்கொள்வாள். மண்ணை உதறி, விரித்து, சுவரோரம் வரிசையாக அடுக்கி, உரக்க எண்ணுவாள். பதினொரு கன்றுக்குப் பதினொரு பை கணக்கில் வந்த பிறகுதான் தேநீர்.